இரட்டைக் கோடு

12.11.1998, வியாழன்

பாப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லையாம். டாக்டரம்மா எங்கள் வம்சத்தையே படமாகப் போட்டார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். எனக்கும் இவருக்கும் நடுவில் மட்டும் இரட்டைக் கோடு. இவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

"இனியும் சொந்தத்துலயே முடிச்சா அந்தப் பிள்ளைங்களுக்கும் வரலாம்மா" என்றார்.

தை மாதம் என் தங்கைக்கும் இவர் தம்பிக்கும் கல்யாணம். ஆட்டோவில் இவர், "அக்காகிட்ட எதையும் சொல்லி வைக்காதே. மண்டபம் பேசியாச்சு" என்றார். அக்கா என்றால் என் அம்மா.

சொல்லிவிடத்தான் நீலசந்திரா எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். தங்கை எடுத்தாள். "முகூர்த்தப் புடவை அரக்கா, மயில் பச்சையா? நீ சொல்றதுதான்க்கா."

பச்சை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.