நிறுத்தச் சொல்லாமல் போனவனுக்கு

அன்பு மாப்ள ஆரோக்கியம்,

உன்னைச் சாமி என்று கூப்பிடாமல் எழுதினால் ஊர் என்னை வையும். வையட்டும். நீ அங்கி போடுவதற்கு ரொம்ப முன்னாடியே வத்தலக்குண்டு மைதானத்தில் உன் பின்னால் மூச்சிரைக்கப் பந்து விரட்டினவன் நான்.

நீ கண்ணை மூடி வருசம் ஒன்றாகிறது. எனக்கு அலுத்துப்போச்சு மாப்ள, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முட்டி வீங்கிக் கிடக்கிறது. இனிமேல் ஓடவே கூடாது என்கிறார் திண்டுக்கல் டாக்டர். சனிக்கிழமை மத்தியானம் வந்தாலே தேங்காய் மண்டியில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறேன். ஆனாலும் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுகிறேன். ஏன் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உன் வருசப் பூசைக்குப் போடுகிற மலரில் இன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். நம் சின்ன வயசில், மாவட்டக் கால்பந்து அணிக்கு நம் ஊரிலிருந்து ஒரே ஆள்தான் என்றார்கள். அது நீதான் என்று எனக்கே தெரியும். தேர்வுக்கு முந்தின வாரம் பயிற்சி ஆட்டத்தில், பந்து உன் காலை விட்டுப் போன பிறகுதான் உன் முட்டியில் உதைத்தேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று ஊரே நம்பியது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் நான்தான். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. ஒரே ஒரு ஆட்டம் ஆடினேன், அதிலும் தோற்றோம்.

அதற்குப் பிறகு நீ காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாய். வாத்தியாரானாய். முப்பது வயசுக்கு மேல் சாமியாராகப் படிக்கக் குருமடம் போனாய். அம்புட்டுக்கும் காரணம் என் காலா, கடவுளா? உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் நம் ஊருக்கே பங்குச் சாமியாராக வந்து சேர்ந்தாய். மனசு கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து முழங்கால் போட்டு, வேண்டுமென்றே உதைத்ததைச் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, செய்த பாவத்துக்கு அபராதம் சொன்னாய். சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவராக இருக்க வேண்டும். எதுவரைக்கும் என்று கேட்டேன்.

"நான் சொல்ற வரைக்கும்."

ஏழு வருசமாச்சு. நீ சொல்லவே இல்லை. மறந்துட்டியா, இல்ல மனசில்லையா? சாமியாராக மன்னித்தாய், சரி. முட்டி போன ஆரோக்கியம் மன்னித்தானா?

போன வாரம் புதுச் சாமியாரிடம் போய், எதற்கென்று சொல்லாமல், அந்த அபராதத்தை நிறுத்தலாமா என்று கேட்டேன். நல்ல பையன். அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு, வீட்டுல ரெஸ்ட் எடுங்கய்யா என்று சிரித்தார். உடைந்தது அவர் முட்டியா, அவர் சொல்ல?

ஆனாலும் உடம்பு முடியவில்லை. உன் அக்கா மரியம்மா வீட்டுக்குப் போய், உன் ஞாபகமாக இருக்கட்டும் என்று விசிலைக் கொடுத்துவிட்டேன். அக்கா காப்பி போட்டுக் கொடுத்தது. நீ படுக்கையில் விழுந்த பிறகும் சனிக்கிழமையானால் மைதானம் தெரிகிற சன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்வாயாம். யாருடா கோல் போட்டது என்று அக்கா கேட்டால் தெரியாது என்பாயாம்.

"'அவன் ஓடுறதப் பாத்தா நானே ஓடுற மாதிரி இருக்குக்கா'ம்பான்" என்று என்னைக் காட்டிச் சொன்னது அக்கா.

அழுதுவிட்டேன் மாப்ள. உன்னை நினைத்து அழுகிறேன் என்று அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. விசிலை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கடிதம் உன் வருசப் பூசை மலரில் அச்சாவதற்கு முன்னால் நானே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சேர்த்துக்கொண்டாலும் சரி, செருப்பைத் தூக்கினாலும் சரி. சனிக்கிழமை மைதானத்துக்கு வாரேன். இனி ஓட ஏலாது. நீ நடந்த மாதிரி காலை இழுத்து இழுத்துத்தான் வருவேன், நீ சொல்ற வரைக்கும்.

உன் முட்டியை உடைத்த மாப்ள,
சின்னப்பன்