மாமியார் உதாரணம்

செவ்வாய். பௌர்ணமிக்கு மறுநாள்.

ஆசிரமப் பக்கத்து விடுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். என் இங்கிலீஷுக்குப் பயந்து வெள்ளைக்காரர்களே தமிழ் படிக்கிறார்களாம். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

நேற்றுப் பலகையில் ஏணி மாதிரி எழுதினேன். உச்சியில் குட் சான்ஸ், நடுவில் ஃபேர் சான்ஸ், அடியில், நடக்கவே நடக்காது என்பதற்கு ஒரு படி மேலே, ஸ்லிம் சான்ஸ். என் மாமியார் ஊருக்குத் திரும்பிப் போவது ஸ்லிம் சான்ஸ் என்று உதாரணம் சொன்னேன். சமையல் வேலை பார்க்கும் நூர்ஜகான்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று அவர் கணவர் ரஃபீக் பாய் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன். டாக்டருக்குத் தமிழ் வராது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்லிம் சான்ஸ்" என்றார்.

"இன்னா சார் சொல்றாரு?" என்றார் நூர்ஜகான்.

"சான்ஸ் இருக்குன்றாரும்மா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க மாமியாரு ஊருக்குப் போற சான்ஸ்தானே சார்?"

ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

நூர்ஜகான் வார்டுக்குள் போய்ப் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "குட் சான்ஸாங்க. டாக்டரே சொல்லிட்டாரு."

பாய் என்னைப் பார்த்தார். "நெஜமாவா சார்?"

தலையாட்டினேன்.

அந்த ஏணி இன்னும் பலகையிலேயே இருக்கிறது. நாளை நூர்ஜகான் வருவதற்குள் போய் அழித்துவிட வேண்டும். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.