ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு

திங்கட்கிழமை

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரியவருக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். தெருவையே எழுப்பும் அவளுடைய தொண்டையும் நலம். நீங்களும் உங்கள் புதுக் காலும் ஒத்துப்போகிறீர்களா? போனில் கேட்டால் "ம்", "சரி", "வைக்கட்டுமா" என்ற மூன்றுக்கு மேல் உங்களிடமிருந்து எதுவும் வராது. அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மொத்தம் ஐந்து வரி. பயிற்சி நிலையத்துச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதற்கு இரண்டு வரி, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டைக்கு ஒன்று, வீட்டுக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்பதற்கு ஒன்று. போன மாதமும் இதே ஒரு மாதத்தைத்தான் எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில், "தவளையை வித்துடு, உதைச்சுக் கிளப்பக் கால் இல்லாதவனுக்கு வண்டி எதுக்கு" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். அதை மறைக்கப் போவதில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உங்கள் குட்டி பைக்கைக் கூடத்துக்குள் உருட்டி வந்து, ஸ்பேனரை எடுத்துப் பிரித்துப் போட்டுவிட்டேன்.

கோபப்படுவதற்கு முன் முழுதாகப் படியுங்கள். மரக்கடையில் பலகை அடுக்கு சரிந்து, உங்கள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த நாளிலிருந்து அந்த வண்டி வாசலில் சாக்குக்கு அடியில் கிடந்தது. நம் இருவரையும்விட வயதில் மூத்த வண்டி. நீங்கள் அதில் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் காதுக்கு வரும், அதைப் பார்த்துத்தானே தவளை என்று பெயர் வைத்தேன். அதில் கிளட்ச் கிடையாது. கியர் இடது காலுக்கு. வலது காலுக்கு இருப்பது இரண்டே வேலை: உதைத்துக் கிளப்புவதும் பின் பிரேக்கை மிதிப்பதும். இந்த இரண்டையும் கைக்கு மாற்றிவிட்டால் என்ன என்று, நான் மோட்டார் காயில் சுற்றும் வைண்டிங் கடையில் ஒரு பம்பு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தோன்றியது.

தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன், நாம் தலைகீழார் என்று சொல்வோமே, அவரிடம். வழக்கம்போல் யாருடைய ஸ்கூட்டருக்கோ அடியில் மல்லாந்து கிடந்தார், தலையை வெளியே நீட்டாமலே பேசினார். இதே வகை எஞ்சின், பட்டனை அமுக்கினால் கிளம்புவது, உடைசலில் ஒன்று கிடக்கிறதாம். அதன் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் அதோடு சேர்ந்த உறுப்புகளையும் கழற்றித் தருவதாகச் சொன்னார். ஆனால் அது பன்னிரண்டு வோல்ட், தவளை ஆறு வோல்ட். "மொத்த ஒயரிங்கையும் மாத்தணும் அக்கா, லேசுப்பட்ட வேலை இல்ல" என்றார். போதாததற்கு, லைட்டுக்கும் ஸ்பார்க்குக்கும் மின்சாரம் தரும் காயில் எல்லாம் கருகிப்போனது என்று தயங்கினார். காயில் சுற்றுவதற்கு என்னிடமே ஒருவர் தயங்குவதா? கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது கூடம் கூடமாக இல்லை. பழைய ஒயர் கட்டை முழுதாக உருவித் துணிக்கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சீட்டு: ஹெட்லைட்டுக்கு, இண்டிகேட்டருக்கு, எதற்கென்று தெரியவில்லை. கடைசி வகையில் மட்டும் ஏழு இருக்கிறது. பேட்டரி, ரெகுலேட்டர், பல்புகள், எல்லாம் பன்னிரண்டு வோல்ட்டில் புதிதாக வந்தாயிற்று. உங்கள் தங்கை பள்ளி வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்த்து, "அண்ணன் வந்தா உங்களையும் சேர்த்துக் கொடியில மாட்டப் போறாரு அண்ணி" என்றாள். மாட்டட்டும். அதற்காகவாவது நீங்கள் வர வேண்டும் அல்லவா?

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உப்பு வேண்டுமென்றால் வாய் திறந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை இந்த ஒரு முறை கேட்காதவள்


வியாழக்கிழமை, கடையில் மதிய இடைவேளை

மதிப்புக்குரிய கோபக்காரருக்கு,

போன வாரக் கடிதத்துக்கு உங்கள் பதில் வந்தது. பத்தொன்பது வரி! எண்ணிப் பார்த்தேன். "யாரைக் கேட்டுத் தொட்டே", "என் வண்டி என்ன பம்பு செட்டா", "ஹெட்லைட் கண்ணாடியில ஒரு கீறல் இருந்தாலும் சும்மா விட மாட்டேன்" என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு உங்கள் குரலை அப்படியே கேட்ட மாதிரி இருந்தது. உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேனை எடுக்கப் போய்விட்டாள். கண்ணாடியில் கீறல் இல்லை, நிம்மதியாக இருங்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். ஹெட்லைட் எரிகிறது. முன்பு அது எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். இப்போது போட்டால் எதிர் வீட்டுச் சுவர் வெளுத்துப்போகிறது. எதிர் வீட்டுக்காரர் எழுந்து வந்து சன்னலைச் சாத்தினார். புது ஹாரன் வாங்க மறந்து, பழைய ஆறு வோல்ட் ஹாரனையே மாட்டி அமுக்கிவிட்டேன். ஒரே ஒரு அலறல். தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கியே விட்டார். அதோடு ஹாரனின் ஆயுளும் முடிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், கடைசிக் குரல் கம்பீரமாகத்தான் இருந்தது.

இனி கெட்ட சேதி. எஞ்சின் கிளம்பவில்லை. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சினையும் சுற்றிவிடுகிறது, ஆனால் பிளக்கில் ஸ்பார்க் இல்லை. நான்கு நாளாகிறது. பிளக்கை மாற்றினோம், பிளக் ஒயரை மாற்றினோம், பட்டனைக்கூட மாற்றிப் பார்த்தோம். தலைகீழார் நம் கூடத்தில் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தார். காயிலை மட்டும் அவர் தொடவில்லை. "அது அக்கா சுத்தினது, அதுல தப்பு வராது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதே திமிர்தான். இருபது வருடத்தில் நான் சுற்றிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று உங்களுக்கே தெரியும். இதில் இரண்டு காயில், லைட்டுக்கு ஒன்று, ஸ்பார்க்குக்கு ஒன்று. இரண்டையும் பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். நுனிகளுக்கு உறை போட்டு, எந்த முனையும் எஞ்சின் பாடியைத் தொடாமல் அத்தனை சுத்தமாகக் கட்டினேன். டெஸ்ட் லேம்ப் வைத்துச் சோதித்தேன், துளி மின்கசிவு இல்லை.

ஆனாலும் வண்டி கல்லு மாதிரி நிற்கிறது. நேற்று உங்கள் தங்கை, "போதும் அண்ணி, விட்டுடலாமா" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இது கிளம்பாவிட்டால், கால் இல்லாதவனுக்கு வண்டி எதற்கு என்று நீங்கள் எழுதினீர்களே, அது சரியென்று ஆகிவிடும். அந்தப் பயம்தான் எனக்கு. அதை எப்படி நான் ஒத்துக்கொள்வேன், சொல்லுங்கள்?

ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டால் திட்டியாவது எழுதுங்கள்.

தோற்றுப்போக மனமில்லாத,
உங்கள் மனைவி


ஞாயிற்றுக்கிழமை, காலை

பாராட்டு முழுவதையும் தட்டிக்கொண்டு போனவருக்கு,

கிளம்பிவிட்டது! வேறு எதை முதலில் எழுதினாலும் என் கை கேட்காது.

உங்கள் கடிதம் நேற்றே வந்துவிட்டது, அவசரத் தபாலில். தபால் நிலையம் உங்கள் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நீங்களே நடந்து போய்ப் போட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். உள்ளே ஒரு படம் வரைந்து, கீழே, "உன் மோட்டார் புத்தியை இதுல காட்டாதே. இக்னிஷன் காயிலோட ஒரு முனை பாடியைத் தொட்டே ஆகணும். இல்லேன்னா ஸ்பார்க் எங்கேருந்து வரும்" என்று எழுதியிருந்தீர்கள்.

தலையில் அடித்துக்கொண்டேன். பம்பு மோட்டாரில் காயில் பாடியைத் தொட்டால், தண்ணீர் பிடிக்கப் போகிறவருக்கு ஷாக் அடிக்கும். அப்படித் தொடவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் இரண்டு காயிலையும் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டேன். லைட் காயிலுக்கு அது சரி, புது ரெகுலேட்டருக்கு அப்படித்தான் வேண்டும். ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயிலுக்கு அதுவே தப்பு. வேலையை ரொம்ப சுத்தமாகச் செய்து கெடுத்தவள் நானாகத்தான் இருப்பேன். உங்களை எழுத வைக்க வேண்டுமென்றே இப்படிச் செய்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தனை சாமர்த்தியம் எனக்கு ஏது? சத்தியமாக என் முட்டாள்தனம்தான்.

உறையை உரித்து, அந்த முனையை ஒரு ஸ்குரூவில் பாடியோடு இறுக்கினேன். வண்டியை வாசலுக்கு இறக்கினோம். தலைகீழார் நேராக நின்று பார்த்தார், அவர் இவ்வளவு உயரம் என்று எனக்கு இன்றுதான் தெரியும். முதல் தடவை நீங்கள்தான் அமுக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். உங்கள் தங்கை "அமுக்குங்க அண்ணி, அமுக்குங்க" என்று கத்தின கத்தலில் கட்டைவிரல் தானாகப் போய்விட்டது. லேசாக முனகியது, இருமியது, பிடித்துக்கொண்டது. நான் துள்ளிக் குதித்ததை எதிர் வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். கையும் தட்டினார்.

பின் பிரேக்குக்கு இடது கைப்பிடியில் லீவர் போட்டாயிற்று. கிளட்ச் இல்லாததால் அந்தக் கை சும்மாதானே இருந்தது. உங்கள் தங்கை தெருவை மூன்று சுற்று சுற்றி வந்து, "வலது காலுக்கு வேலையே இல்ல அண்ணி, சும்மா கூட வருது" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாளைக்கு முன்பு நிலையத்து டாக்டரம்மா போன் செய்தார். நீங்கள் எப்போதோ வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாமாம், நீங்கள்தான் இன்னும் கொஞ்ச நாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. தெருவில் நடந்து வந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்றால், பார்ப்பார்கள்தான். ஒரு வாரம் பார்ப்பார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் எப்படிப் பார்ப்பேனோ என்று நினைத்திருந்தால், அதற்கு நேரில் வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளும் பிடிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் தவளையை விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுவிடலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். தலைகீழாரிடம் விசாரித்தேன். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால், நீங்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியுமாம். ஆக, ஓட்டுவதென்றாலும் நீங்கள் வர வேண்டும், விற்பதென்றாலும் நீங்கள் வர வேண்டும். என்றைக்கு என்று மட்டும் எழுதுங்கள், ஸ்டேஷனில் நிற்கிறேன்.

படி உயரம் பார்த்து, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக இறங்குங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்களவள்