உன் இடத்துக்கு ஒரு விளம்பரம்

ஏர்வாடி,
18-3-1955, வெள்ளிக்கிழமை
(ரஜபு பிறை 23)

அன்பு மகன் சதக்குக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவும் தங்கை மஜீதாவும் சுகம். உன்னைப் பற்றி இம்மாதம் 6ஆம் தேதி தொடங்கிய என் கவலை நேற்றோடு தீர்ந்தது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அன்று, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த பத்திரிகையில் நீ வேலை பார்க்கும் கடையின் விளம்பரத்தைக் கண்டேன். கணக்கர் தேவை, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்தது. அக்கடையில் கணக்கர் ஒருவரே, அது நீ. உன்னை நீக்கிவிட்டார்கள், எங்களிடம் மறைக்கிறாய் என்றே முடிவு செய்தேன். உனக்கு எழுதிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மறுநாளே இராமநாதபுரம் போய், நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வைத்திருந்த மஜீதாவின் நிக்காஹைத் தள்ளிவைக்கும்படி மாப்பிள்ளையின் தாயார் நூர் நிஷாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து மஜீதா என் முன்னால் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

நேற்று, உன் முதலாளி மதார் கீழக்கரையில் தம் வீட்டுக்கு வந்திருப்பது அறிந்து நேரில் போனேன். பத்திரிகையை விரித்ததும் சிரித்துவிட்டார். இலங்கைக் குடியுரிமை இல்லாதவரை வைத்திருக்க ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்க வேண்டுமாம். விளம்பரம் செய்தும் அந்நாட்டில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் அனுமதி நீளுமாம். "ஒங்க மகனை வச்சுக்கிறதுக்குத்தான் காக்கா அந்த வெளம்பரமே. ஆள் எடுக்கவா போட்டோம்?" என்றார். அல்ஹம்துலில்லாஹ். அவர் வீட்டில் கொடுத்த சர்பத்தை இரண்டு தம்ளர் குடித்தேன். எனக்குச் சர்க்கரை ஆகாது என்பது நினைவுக்கே வரவில்லை. இந்த விளம்பர விஷயத்தை நீ முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அங்கிருந்தே பஸ் ஏறி நூர் நிஷாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "பேப்பரப் பாத்துக் கலியாணத்த நிறுத்துன ஆள இப்பத்தான் காக்கா பாக்குறேன். இனி எங்க வீட்டுக்கு வரயில எதையும் படிச்சிட்டு வராதீங்க" என்றார். பழைய நாளே, ஷவ்வால் பிறை 10, உறுதியாயிற்று. இன்று காலை மஜீதா என் பக்கத்தில் அமர்ந்து பசியாறினாள்.

முதலாளி சிரிப்போடு இன்னொன்றும் சொன்னார். அரபுத் தமிழ் தெரியாது என்று சென்ற ஆண்டு நீ திருப்பியனுப்பிய, அந்நாட்டுக் குடிமகனான மருதானை வாலிபர், அதைக் கற்றுக்கொண்டு இவ்வாண்டு முதல் ஆளாக வந்து நின்றாராம். கடிதம் எழுதச் சொல்லிப் பார்த்தாயாம். ஒரு பிழையும் இல்லையாம். நம் ஊர்ப் பக்கத்து வாடிக்கையாளர்களிடம் பழக்கம் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம்.

உன்னைக் கடிந்து எழுத எனக்கு வாயில்லை. இவ்வீட்டு அடுப்பு அந்த வேலையில்தான் எரிகிறது. ஆனால் அவர் அடுத்த ஆண்டும் எதையாவது படித்துக்கொண்டு வருவார். அதற்கு முன் நீ அவர் வீட்டைத் தேடிப் போ. கடையில் வைத்துப் பேச வேண்டாம். விளம்பரத்தைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அறிந்த கடை எதிலாவது இடமிருந்தால் நீயே அழைத்துப் போ.

அல்லாஹ் உன் அனுமதியையும் ஆயுளையும் நீளமாக்குவானாக. இன்று ஜும்ஆவில் உனக்காகத் துஆ கேட்டபோது அவருக்காகவும் கையேந்தினேன். பெயர் தெரியாமல் நிறுத்திக்கொண்டேன். அவர் பெயரை மறுதபாலில் எழுது.

உன் வாப்பா,
முஹைதீன்