இன்னும் ஒரு ஆளு வரணும்

அண்ணி,

துவைத்த துணியை எடுத்து வைக்க நீலக் கூடையை இழுத்தேன். டைல்ஸ் தரையில் அதே கர்ரென்ற சத்தம், உங்கள் ஆட்டோ கிளம்பும் சத்தம். துணியை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்றைய சேதியை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

நம் கயலுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வராத நாட்கள் நினைவிருக்கிறதா? பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம், வீட்டிலும் தினமும் செய்யச் சொல்லிப் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தனுப்பினார். அட்டையைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். "பால் சொல்லு, பந்து சொல்லு" என்று நான் கெஞ்சுவேன். உங்கள் தம்பி வேலை முடிந்து வந்து, தன் பங்குக்குக் கெஞ்சுவார். ஒரு வாரம் தங்கிப் போக செங்கல்பட்டிலிருந்து வந்த நீங்கள், செருப்பைக் கழற்றியபடியே கேட்டீர்கள்: "இன்னாடி இது, போலீஸ் டேசன் மாதிரி கீது வூடு?"

மறுநாள் காலை கயலைக் கூடையில் உட்காரவைத்து, என் துப்பட்டாவைக் கயிறாகக் கட்டினீர்கள். "படூர், படூர், ஏறு ஏறு" என்று ஷேர் ஆட்டோக்காரர் மாதிரி கூவினீர்கள். ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் நின்றுவிட்டீர்கள். அவள் கூடையைத் தட்டினாள்.

"இரு ராணி. இன்னும் ஒரு ஆளு வரணும். சீட்டு ரொம்பாம எட்த்தா எனக்கு இன்னா கட்டும்?"

தலையணை ஏறியது. கரடி பொம்மை ஏறியது. குக்கரும் ஏறியது. அப்போதும் இன்னும் ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, வாயைத் திறந்தேன். "நீ கம்முனு இரு. அவ சொல்லட்டும்" என்று அடக்கினீர்கள். கயலின் முகம் சிவந்தது. "போ!" என்று ஒரு கத்தல். அவளுடைய முதல் சொல்.

மூட்டுவலியை மறந்து கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினீர்களே, அந்த ஓட்டம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. உயரமான சோபா திருக்கழுக்குன்றம் ஆனது, பால்கனி மாமல்லபுரம். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து வந்தாலும் வண்டி நகரும். மேடத்திடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "அட்டையத் தூக்கி பீரோ மேல வைங்க, இதையே பண்ணுங்க" என்றார். ஒரு வாரம் என்று வந்தவர் மாதக்கணக்கில் இருந்தீர்கள்.

போன ஐப்பசி மழையில் உங்கள் மூச்சு நின்றுபோனது. கயல் கூடைக்குள் ஏறி உட்கார்ந்து வாசலையே பார்ப்பாள். நான் அழுதுகொண்டே இழுத்தேன். உங்கள் குரல் எனக்கு வரவில்லை, இருந்தாலும் ஏறு ஏறு என்றேன். ஒற்றைச் சொற்கள் கூடிக்கொண்டே போயின. இரண்டு சொல்லைச் சேர்த்து, அதுவும் வெளியாளிடம் பேசட்டும், பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றார் மேடம். அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தோம்.

இன்று காலை கேளம்பாக்கத்தில் நிஜமான ஷேர் ஆட்டோவில் ஏறினோம். கொளுத்தும் வெயில். டிரைவர் கிளம்புவதாக இல்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயல் குனிந்து அவர் முதுகைத் தட்டினாள்.

"போ."

"இன்னும் ஒரு ஆளு வரணும் பாப்பா."

பதில் சொல்ல வாயெடுத்தேன், அண்ணி. உங்களை நினைத்துக்கொண்டு கம்மென்று இருந்தேன். அவள் தன் பக்கத்திலிருந்த காலி இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"அத்த வந்தாச்சு. அத்த ஏறியாச்சு. வண்டி எடு."

அவர் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்த என்னைப் பார்த்தார். வண்டியை எடுத்துவிட்டார்.

வழியில் ஒருவர் கை காட்டி ஏறப் பார்த்தார். "சீட்டு ரொம்பிடுச்சு" என்றேன். படூர் வரை உங்கள் இடத்தில் நான் யாரையும் உட்கார விடவில்லை.