கட்டியில் மட்டும் இருந்த கோளாறு

தங்கச்சி,

பேரன் ஏதோ படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். வீடு முழுக்கக் கோந்து வாசம். நீ கண்மூடி இத்தனை வருஷமாகியும், இந்த வாசம் வந்தால் உன் முகம்தான் முதலில் வருகிறது. உன் விரல்களில் எப்போதும் இதே வாசம்தானே.

அறுபதுகளின் கடைசி. என் தொடை வீங்கியபோது, தங்கச் சுரங்கத்தில் பட்ட அடி என்று நம் மாரிகுப்பமே சொன்னது. நம் ஊரில் எந்த வலியும் ஷாஃப்டுக்குள்ளிருந்து, அந்தச் சுரங்கக் குழிக்குள்ளிருந்துதானே வரும்! எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். கட்டுக்குள்ளேயே வீக்கம் வளர்ந்தது. பெங்களூரில் ஆய்வுக்கூட வேலையிலிருந்த நீதான் என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாய். குருத்தெலும்பில் புற்று என்றார்கள். காலை எடுத்து உயிரைக் கொடுத்தார்கள்.

மறு வருஷம் பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அண்ணனுக்கு வந்தது தங்கைக்கும் வரும் என்று ஊரில் பேச்சு. என் ஊன்றுகோல் அவர்கள் கண்ணில் பட்டால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று, அம்மா என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். நானும் அதுதான் சரி என்று இருந்துவிட்டேன்.

காபித் தட்டை வைத்த கையோடு நீ வந்து கதவைத் திறந்தாய்.

"வாண்ணா, வெளிய வந்து குந்து."

புத்தர் படத்துக்குக் கீழே, மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்திலேயே எனக்கு நாற்காலி போட்டாய். பிறகு இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்தாய். நுண்ணோக்கிப் படத்திலிருந்து குரோமோசோம்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஜோடி சேர்த்து நீயே ஒட்டியவை.

"இது எங்கண்ணன் ரத்தம். எல்லாம் ஜோடி ஜோடியா கீது பாருங்க. இது அந்தக் கட்டி. ஒண்ணு ஒடைஞ்சி கீது, ஒண்ணு அதிகமா கீது. கோளாறு கட்டியிலதான், ரத்தத்துல இல்ல."

மாப்பிள்ளையின் அப்பா அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ இன்னாம்மா, காலோட போச்சா?"

"எங்க கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் போச்சு மாமா. இன்னும் சந்தேகம்னா வேற எடம் பாருங்க. எங்கண்ணன மட்டும் இனிமே உள்ள குந்த வைக்க மாட்டேன்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்படியொரு பெருமை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "நீ எந்த ஷாஃப்டுப்பா?" என்றார். காபி ஆறும்வரை சுரங்கக் கதை பேசினோம். எழுந்திருக்கும்போது கல்யாணத் தேதியை என்னிடம்தான் கேட்டார்.

எல்லா விசேஷத்திலும் இன்றைக்கும் முன்வரிசையில்தான் உட்காருகிறேன். "பின்னால வசதியா குந்துங்க" என்று யாராவது சொன்னால், "என் தங்கச்சி திட்டுவா" என்கிறேன்.