பொங்கிய பீரும் கிடைக்காத துண்டும்

மச்சான்,

இன்று பதுளைக் கடைவீதியில் ஒருவர் இஞ்சி பீர் போத்தலின் தக்கையைப் பிடுங்கினார். நுரை பொங்கி அவர் வேட்டியில் வழிய, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீங்கள் போய்ப் பதினோரு வருடமாகிறது.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தில் நீங்கள் பங்களாச் சமையல்காரர்; நான் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவன். உங்கள் மனைவி, என் அக்கா, கைக்குழந்தையோடு கொஸ்லந்தைத் தோட்டத்தில். வெள்ளைக்காரத் துரை அங்கிருந்து மாறி வந்தபோது உங்கள் கைப்பக்குவத்துக்காக உங்களை மட்டும் கூட்டி வந்துவிட்டார். அவர் கையெழுத்திட்ட விடுவிப்புச் சீட்டான துண்டு இல்லாமல் வேறெந்தத் தோட்டமும் உங்களைச் சேர்க்காது. ஓடினால் சிறை. அக்காவுக்கும் அங்கே அதே கதைதான்.

"நத்தார் விருந்துக்கு பீர் நல்லா நுரைச்சா துண்டு தர்றேன்னு தொரை சொல்லிட்டாரு மாப்ளே!" என்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஓடி வந்தீர்களே, புதுமாப்பிள்ளை கெட்டான்.

இஞ்சித் தண்ணீரில் கள்ளு மண்டி ஊற்றிப் புளிக்கவைத்து, போத்தலுக்குக் கொஞ்சம் சீனி போட்டுத் தக்கையை இறுக்கிக் கட்டினீர்கள். மூன்று வாரமாகியும் காற்றேறவில்லை. தக்கை கசிகிறதோ என்று ஒரு போத்தலைத் தண்ணீரில் கவிழ்த்துப் பார்த்தீர்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. திறந்து எனக்கும் ஊற்றினீர்கள்; பானகம் மாதிரி இனித்தது.

"சீனி அப்படியே கெடக்கு. அதைத் திங்க வேண்டிய மண்டி அடியில தூங்குது."

"எங்க வச்சிருக்கீங்க?"

"பங்களாவுக்குக் கீழ, கல்லு ரூம்புல. தொரை குடிக்கிறதெல்லாம் குளுமையாத்தானே இருக்கணும்?"

"அந்தக் குளிருல நானே தூங்கிருவேன் மச்சான். கொழுந்து வாட்டுற மாடிக்குக் கொண்டாங்க. கீழ என் அடுப்பு எரியுதுல்ல?"

வெடித்தாலும் வெடிக்கும் என்று சாக்கில் சுற்றிச் சுமந்தோம். தினமும் ஒவ்வொன்றையும் மெல்லப் புரட்டி மண்டியை எழுப்பினீர்கள். பத்தாம் நாள் தக்கை 'டப்'பென்று தெறித்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள்.

விருந்தில் வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்களாம். மறுநாள் துண்டுக்காகப் போய் நின்றீர்கள்.

"நீ போனா அடுத்த வருசம் பீர் யார் செய்யும்? இங்கே இரு" என்றார் துரை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அந்த மனிதனை இன்றும் சபிக்கிறேன். இன்னும் இரண்டு நத்தாருக்கு பீர் போட்டீர்கள். பிறகு குளிர்க்காய்ச்சலில், அந்தப் பங்களாவின் பின்னறையிலேயே கண்ணை மூடினீர்கள்.

இப்போது துண்டை ஒழித்துவிட்டார்கள். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். சில நாள், சோறு போடும்போது அவளாகவே ஆரம்பிப்பாள்.

"அந்த பீரு மட்டும் கெட்டுப் போயிருந்தா தொரையே துண்டைக் குடுத்து வெரட்டி விட்டிருப்பாரு. நேரா என்கிட்டதானே வந்திருப்பாரு? மாடியில வைக்கச் சொல்லி எவன் யோசனை சொன்னானோ, அவன் வெளங்குவானா?"

நான் தலையை ஆட்டிக்கொண்டு அவள் போட்ட சோற்றைத் தின்கிறேன், மச்சான்.